செல்லாதுன்னு சொன்னா இல்லாமப் போயிடுமா?

ஒரு சின்ன கற்பனை. நாலு வருஷம் விழுந்து விழுந்து படிக்கிறீங்க. ஜெராக்ஸ் நோட்ஸ், அரியர்ஸ், வைவா எல்லாத்தையும் தாண்டி கையில மார்க் ஷீட்டும் வாங்கிட்டீங்க. மறுநாள் காலையில யுனிவர்சிட்டியில இருந்து ஒரு அறிவிப்பு வருது. 'நீங்க படிச்ச சிலபஸ் செல்லாது. அதுல இருந்த எதுவும் நடக்கவே இல்லை. புத்தகத்தை வேணும்னா நீங்களே வெச்சுக்கலாம்!' எப்படி இருக்கும்?

எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. 2014 ஏப்ரல் 25.

யுனிவர்சிட்டி இல்லீங்க, லூகாஸ் ஃபிலிம். சிலபஸ் இல்லீங்க, ஸ்டார் வார்ஸ்!

'அட, ட்யூப் லைட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு சண்டை போடுவாங்களே, அதுவா?'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. ட்யூப் லைட் சண்டையைப் பத்திப் பேச நான் வரலை. நமக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணை வெச்சே, நமக்கு ரொம்பப் பிடிச்சவங்களை எப்படி நோகடிக்கிறோம்னு சொல்ல வந்திருக்கேன். ஏன்னா, நான் நோகடிச்சிருக்கேன்.

முதல்ல மேட்டருக்கு வர்றேன். ஸ்டார் வார்ஸ்னா சினிமான்னுதான் பல பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. ஆனா, முதல்ல வந்தது சினிமாவே இல்லை! முதல் படம் அமெரிக்காவுல ரிலீஸானது 1977 மே 25. அதோட நாவல் 1976 கடைசியிலேயே கடைக்கு வந்துடுச்சு. அட்டையில ஜார்ஜ் லூகாஸ் பேரு, உள்ள எழுதினது ஆலன் டீன் ஃபாஸ்டர்ங்கிற எழுத்தாளர். மார்வெல் காமிக்ஸோட முதல் இதழும் படத்துக்கு முந்திக்கிச்சு. ஆக, பிறக்கும்போதே இது திரை, புத்தகம், காமிக்ஸ்னு மூணு காலோட பிறந்த குழந்தை.

படத்தோட கதை மார்வெல்ல ஆறு இதழ்ல முடிஞ்சு போச்சு. அடுத்த மாசம் என்ன பண்றது? சொந்தமா கதை விட ஆரம்பிச்சாங்க. எட்டாவது இதழ்ல ஒரு பச்சை முயல் வந்துச்சு பாருங்க... ஆளுயரம், கையில துப்பாக்கி, பேரு ஜாக்ஸன். நம்ம ஹான் சோலோவோட சேர்ந்து சண்டை போடும். சத்தியமா! இந்த முயலைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க. கடைசியில திரும்ப வரும்.

1983-ல மூணாவது படம் வந்து கதை முடிஞ்சது. 1986-ல மார்வெல் காமிக்ஸும் நின்னு போச்சு. அவ்வளவுதான், கடையைச் சாத்திட்டாங்கன்னு எல்லாரும் நினைச்சப்ப, 1991-ல திமோதி ஸான்ங்கிறவர் 'ஏர் டு தி எம்பயர்'னு ஒரு நாவல் எழுதினார். நியூயார்க் டைம்ஸ் பட்டியல்ல முதலிடம்! அதுக்கப்புறம் நாவல் மேல நாவல், காமிக்ஸ் மேல காமிக்ஸ். படங்களுக்கு அப்புறம் லூக், லெயா, ஹான் என்ன ஆனாங்க, கல்யாணம், குழந்தை குட்டின்னு இருபது வருஷத்துக்கும் மேல எழுதித் தள்ளினாங்க.

நான் இந்த உலகத்துக்குள்ள நுழைஞ்சது 2008-ல. இன்ஜினீயரிங் முதல் வருஷம். திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துல பழைய புத்தகம் விக்கிறவர்கிட்ட செமஸ்டர் புக் தேடப் போன இடத்துல, அட்டை கிழிஞ்ச ஒரு நாவல் கண்ணுல பட்டுச்சு. ஸான் எழுதினதுதான், ஆனா மூணு பாகத்துல ரெண்டாவது பாகம்! முப்பது ரூபாய். முன்கதையும் தெரியாது, முடிவும் தெரியாது. பக்கத்துல டிக்‌ஷனரியை வெச்சுக்கிட்டு படிச்சு முடிச்சேன். முதல் பாகமும் மூணாவது பாகமும் கிடைக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. அந்த ஒன்றரை வருஷமும் மீதிக் கதையை நானே மனசுக்குள்ள எழுதிக்கிட்டிருந்தேன்.

அதுல த்ரான்னு ஒரு தளபதி. நீலத் தோல், சிவப்புக் கண்ணு. வில்லன்தான். ஆனா கத்த மாட்டான், கழுத்தைப் பிடிக்க மாட்டான். எதிரியோட ஓவியத்தையும் சிற்பத்தையும் உக்காந்து பார்ப்பான். 'இப்படி வரையிறவன் இப்படித்தான் யோசிப்பான், இப்படித்தான் சண்டை போடுவான்'னு கணக்குப் போட்டுக் கவுப்பான். வில்லனை ரசிக்கலாம்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தாளுதான்.

இன்னொரு விஷயம் தெரியுமா? அந்தக் கேலக்ஸியோட தலைநகரத்துக்கு 'கோரஸான்ட்'னு பேரு முதல்ல வந்தது ஸானோட நாவல்லதான். அப்புறம் 1999-ல வந்த படத்துல லூகாஸே அந்தப் பேரை எடுத்துக்கிட்டார். புத்தகத்துல இருந்து படத்துக்குப் போன பேரு! அதைப் படிச்சப்ப எனக்கு என்னவோ நானே வெச்ச பேரு மாதிரி ஒரு பெருமை.

ஒருநாள் ராத்திரி 'வெக்டர் பிரைம்' படிச்சுக்கிட்டிருந்தேன். 1999-ல ஆர்.ஏ.சால்வடோர் எழுதினது. அதுல ஹானோட கடைசிப் பையனைக் காப்பாத்திட்டு, செவ்பாக்கா சாகும். மேல இருந்து ஒரு நிலாவே விழுது. கீழே அது தனியா நிக்குது. என்னால தாங்க முடியலை. அப்ப எட்டாங்கிளாஸ் படிச்ச என் தங்கச்சி எட்டிப் பார்த்தா.

"அழறியாணா?"

"கண்ணுல தூசி."

"யாரு செத்தா?"

"செவ்பாக்கா."

"அது யாரு?"

"அது வந்து... உடம்பெல்லாம் முடியோட ஒரு பெரிய... ஆளு. ஃப்ரெண்டுக்காக உசுரையே கொடுக்கும்."

அவ சிரிக்கலை. போய் தண்ணி கொண்டு வந்து கொடுத்தா. அவ்வளவு நல்ல பொண்ணு.

இப்ப 2014-க்கு வருவோம். 2012-ல லூகாஸ் ஃபிலிமை டிஸ்னி வாங்கிடுச்சு, சுமார் 400 கோடி டாலருக்கு. புதுப் படங்கள் எடுக்கணும். இருபது வருஷ நாவல்கள்ல லூக்குக்குக் கல்யாணமே ஆயிடுச்சு, ஹானோட பிள்ளைங்க வளர்ந்து பெரிசாயிட்டாங்க. இவ்வளவையும் சுமந்துக்கிட்டு புதுக்கதை எழுத முடியுமா? அதனால அறிவிச்சாங்க: ஏற்கெனவே வந்த ஆறு படம், 'தி க்ளோன் வார்ஸ்' கார்ட்டூன், இனிமே வரப்போறது... இதெல்லாம் 'நடந்தது'. பழைய நாவல், காமிக்ஸ் எல்லாம் 'லெஜண்ட்ஸ்'. அதாவது கட்டுக்கதை!

இன்னிக்கு யோசிச்சா அவங்க பக்கம் நியாயம் இருக்குன்னு தோணுது. செவ்பாக்கா செத்துப் போச்சு, மூணு நாவல் படிச்சுட்டு தியேட்டருக்கு வாங்கன்னு ஜனங்ககிட்ட சொல்ல முடியுமா? ஆனா அன்னிக்கு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பிளாட்பாரம் பிளாட்பாரமா அலைஞ்சு சேர்த்த புத்தகங்களைப் பார்த்து 'இது எதுவும் நடக்கலை'ன்னு யாரோ ஒரு கம்பெனி எப்படிச் சொல்லலாம்?

கோபத்தை கம்பெனி மேல காட்ட முடியாது இல்லையா... அது கைக்கு எட்டுற ஆளைத் தேடுச்சு.

2015 டிசம்பர். 'தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்' ரிலீஸ். தங்கச்சி அப்ப காலேஜ் முதல் வருஷம், லீவுக்கு வந்திருந்தா. 'நீ அழுத கதைதானே, நானும் வரேன்'னு கூட வந்தா. படம் முடிஞ்சு வெளியே வந்தப்ப அவ முகத்தைப் பார்க்கணுமே! "ரே செமணா! அந்தப் பனியில அவ கைக்கு வாள் பறந்து வருதே..."ன்னு பேசிக்கிட்டே வந்தா. 2008-ல பிளாட்பாரத்துல என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? வீடு வர்ற வரைக்கும் பஸ்ல அவளுக்கு வைவா நடத்தினேன். "ஹானோட நிஜப் பிள்ளைங்க பேரு என்ன, சொல்லு? மாரா ஜேட் யாரு? த்ரான் தெரியுமா? ஒரு புக்காவது படிச்சிருக்கியா? இன்னிக்குப் படம் பார்த்துட்டு வந்து பெரிசா பேச வந்துட்டே!"

அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. இறங்கும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னா: "இனிமே உன்கூட படத்துக்கு வரமாட்டேன்."

வரவும் இல்லை.

இந்த மாதிரி ஆளுங்களை உங்க காலேஜ்லயும் பார்த்திருப்பீங்க. 'இளையராஜாவோட எல்லாப் பாட்டும் தெரியுமா? அப்பதான் நீ ரசிகன்'னு சொல்ற சீனியர். 'ஃபுட்பால்னா உலகக் கோப்பை மட்டும் பார்க்கிற கேஸா நீ?'ன்னு கேக்கற ரூம் மேட். கோயிலுக்குள்ள சாமி கும்பிட வந்தவன், ஒருநாள் வாசல்ல உக்காந்து வர்றவங்களை எல்லாம் சோதனை போட ஆரம்பிச்சுடறான். உள்ள இருக்கிற சாமியை அவன் பார்த்தே ரொம்ப நாளாகியிருக்கும்!

2016 ஜூலை. லண்டன்ல நடந்த ஸ்டார் வார்ஸ் விழாவுல 'ரெபல்ஸ்' கார்ட்டூனோட மூணாவது சீசன் டிரெய்லர் காட்டினாங்க. அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல இருந்து தங்கச்சி போன். ஏழு மாசமா 'சாப்டியா, அம்மாகிட்ட குடு' ரெண்டைத் தவிர பேசாதவ.

"அண்ணா... உன் ஆளு திரும்பி வந்துட்டான்!"

"யாரு?"

"த்ரான்! நீலத் தோலு, சிவப்புக் கண்ணு... எல்லாம் அப்படியே!"

எனக்கு வாயே வரலை. செல்லாதுன்னு சொல்லி ரெண்டே வருஷத்துல அவங்களே கதவைத் திறந்து கூப்பிட்டிருக்காங்க. அப்புறம்தான் உறைச்சுது.

"உனக்கு எப்படிடி த்ரானைத் தெரியும்?"

"பொங்கல் லீவுல உன் அலமாரியில இருந்து மூணு புக்கையும் எடுத்துட்டு வந்துட்டேன். நீ கவனிக்கவே இல்லை. ரெண்டாவது பாகம்தான் பெஸ்ட். ஆனா ஒண்ணுணா... புக்கு படிச்சதனால எனக்கு ரேவைக் கொஞ்சம்கூடக் குறைச்சலாப் பிடிக்கலை."

ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, "செவ்பாக்காவுக்காக அழுதியே... அந்தச் சாவும்தானே செல்லாதுன்னு ஆச்சு? படத்துல உசுரோட வந்து நின்னுச்சே, அதுக்கு நீ ஒரு வார்த்தை சந்தோஷப்பட்டியா?"ன்னா.

செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு ஃப்ரெண்ட்ஸ். உண்மைதான். தியேட்டர்ல செவ்பாக்கா உறுமிக்கிட்டு வந்தப்ப, நான் மனசுக்குள்ள தப்புக் கண்டுபிடிச்சுக்கிட்டிருந்தேன். எனக்காக அழுத அந்தப் பையன் எங்க போனான்னே தெரியலை.

அதுக்கப்புறம் அவ குரு, நான் சிஷ்யன். 'தி க்ளோன் வார்ஸ்' பாருன்னா. 2008-ல 'சின்னப் பசங்க கார்ட்டூன்'னு நான் தள்ளி வெச்சது. அனக்கினுக்கு அசோகான்னு ஒரு சிஷ்யை. (பேரைக் கேட்டதும் நம்ம சக்கரவர்த்தி ஞாபகம் வருதா? எனக்கும்!) வந்த புதுசுல அவளைப் பிடிக்காதவங்க ஏராளம். வாயாடி, அதிகப்பிரசங்கி, கதையில எங்கேயும் இல்லாதவளை நடுவுல சொருகிட்டாங்கன்னு திட்டு. டேவ் ஃபிலோனியும் அவரோட டீமும் பதில் பேசலை, அவளை வளர்த்தாங்க. 2013-ல, செய்யாத குத்தத்துக்குத் தண்டிச்ச ஜெடிங்களை விட்டுட்டு அவ படியிறங்கிப் போற காட்சியில, திட்டினவங்கள்ல பல பேர் அழுதாங்க. 2020-ல கடைசி சீசன். செத்த சிப்பாய்களைப் புதைச்சுட்டு, ஹெல்மெட்டுகளை வரிசையா நட்டு வெச்சுட்டு அவ நிக்கிறா. வசனமே இல்லை. ஆறு படத்துல சொல்லாத துக்கத்தை ஒரு கார்ட்டூன் சொல்லிடுச்சு.

அந்த சிப்பாய்கள் எல்லாம் ஒரே முகம், ஒரே குரல். படத்துல வெறும் கூட்டம். தொடர்லதான் ஒவ்வொருத்தனுக்கும் பேரு, ஹேர் ஸ்டைல், தனிக் குணம். என்னைக் கேட்டா, தொடர்கள், புத்தகங்கள், காமிக்ஸோட வேலையே இதுதான். படம் கூட்டத்தைக் காட்டும். இதெல்லாம் கூட்டத்துக்குள்ள இருக்கிற ஆளைக் காட்டும்.

'லாஸ்ட் ஸ்டார்ஸ்'னு ஒரு நாவல் கொடுத்தா. 2015-ல க்ளாடியா கிரே எழுதினது, புதுக் கணக்குல 'செல்லும்' நாவல். ஒரே கிரகத்துல வளர்ந்த ரெண்டு சிநேகிதங்க, ஒருத்தன் புரட்சிக்காரங்க பக்கம், ஒருத்தி சாம்ராஜ்யத்துப் பக்கம். நாம பார்த்த அதே போர்கள்தான். ஆனா வெடிச்சுச் சிதறின டெத் ஸ்டாருக்குள்ள யாரோட ஃப்ரெண்டோ இருந்தாங்கன்னு இந்த நாவல் படிச்சப்பதான் எனக்கு முதல் முறையா உறைச்சுது. காமிக்ஸ்ல டாக்டர் ஆஃப்ரா. 2015-ல டார்த் வேடர் காமிக்ஸ்ல கீரன் கில்லனும் சல்வடோர் லரோக்காவும் உருவாக்கின திருட்டு ஆராய்ச்சிக்காரி. சினிமா வாசலையே மிதிக்காம, வெறும் காமிக்ஸ்லயே தனக்குன்னு ஒரு தொடர் வாங்கிட்ட கில்லாடி! இதையெல்லாம் 'புதுசு'ங்கிற ஒரே காரணத்துக்காகத் தொடாம இருந்திருக்கேன்.

எல்லாமே சூப்பர்னு ஜால்ரா தட்டவும் மாட்டேன். 'தி புக் ஆஃப் போபா ஃபெட்'ல ஹீரோவையே பாதியில காணோம். 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' அவசரத்துல கட்டின பொட்டலம். ஆனா டோனி கில்ராயோட 'ஆண்டர்' இருக்கே... 2022-லயும் 2025-லயுமா மொத்தம் 24 எபிசோட். அதுல ஒரு ஜெடியும் வாளைச் சுத்திக்கிட்டு வர்றதில்லை. ஒரு ஊரு, ஒரு ஜெயில், ஒரு ஆபீஸ். சாதாரண ஆளுங்க எப்பத் துணியறாங்கன்னு காட்டுது, அவ்வளவுதான். ஸ்டார் வார்ஸ் பக்கமே தலைவெச்சுப் படுக்காதவங்க, இதுல இருந்து ஆரம்பிங்க.

பிடிக்கலைன்னு சொல்றது தப்பே இல்லை. எங்கே தப்பாகுதுன்னா...

2017-ல 'தி லாஸ்ட் ஜெடை' வந்துச்சு. அதுல ரோஸ்ங்கிற மெக்கானிக் பொண்ணா நடிச்சவங்க கெல்லி மேரி டிரான், வியட்நாம் வம்சாவளி அமெரிக்க நடிகை. அந்தக் கேரக்டர் பிடிக்காத 'ரசிகர்கள்' அவங்க இனத்தையும் உருவத்தையும் வெச்சு இன்டர்நெட்ல குதறினாங்க. 2018 ஜூன்ல இன்ஸ்டாகிராம்ல இருந்த தன் பதிவுகளை எல்லாம் அவங்க அழிச்சுட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ்ல கட்டுரை எழுதி, தான் ஒதுங்கிப் போகப் போறதில்லைன்னு சொன்னாங்க. அந்தத் துணிச்சல் அவங்களோடது. அந்த அசிங்கம் நம்மளோடது.

அகமது பெஸ்ட்டைத் தெரியுமா? 1999 படத்துல ஜார் ஜார் பிங்க்ஸுக்கு உடம்பும் குரலும் கொடுத்தவர். உலகமே அந்தக் கேரக்டரைக் கேலி பண்ணுச்சு. அந்தக் கேலி தன்னை உயிரையே விட்டுடலாமான்னு யோசிக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினதை 2018-லதான் அவர் வெளியே சொன்னார். நானும் ஹாஸ்டல்ல ஜார் ஜார் மாதிரி பேசிக் காட்டி கைதட்டல் வாங்கினவன்தான். அந்தக் குரலுக்குப் பின்னாடி ஒரு இளைஞன் இருந்தான்னு ஒரு தடவைகூட நினைச்சதில்லை.

பஸ்ல என் தங்கச்சிகிட்ட நான் பண்ணினதும் இதேதான். சைஸ்தான் சின்னது.

2023 மார்ச்ல 'மாண்டலோரியன்' மூணாவது சீசன். தங்கச்சி வேலைக்குப் போய், லீவுக்கு வந்திருந்தா. ஹால்ல ரெண்டு பேரும் உக்காந்து பார்க்கிறோம். ஜெடிங்களோட கோயில் எரியுது, குட்டி க்ரோகு மாட்டிக்கிச்சு. லிஃப்ட் கதவு திறக்குது... ரெண்டு கையிலயும் வாளோட ஒரு ஜெடி வர்றார். யாருன்னு பார்த்தா, அகமது பெஸ்ட்! உலகமே கொஞ்சுற அந்தக் குழந்தையைக் காப்பாத்துற வேலையை, உலகமே கேலி பண்ணின மனுஷன் கையில கொடுத்திருக்காங்க.

பக்கத்துல திரும்பிப் பார்த்தேன். தங்கச்சி கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தா.

"அழறியா?"

"கண்ணுல தூசி."

நான் எழுந்து போய் தண்ணி கொண்டு வந்து கொடுத்தேன். "அன்னிக்கு பஸ்ல பேசினதுக்கு ஸாரிடி"ன்னேன். ஏழு வருஷம் லேட். "படத்தைப் பார்க்க விடுணா"ன்னா.

அந்த வருஷமே ஆகஸ்ட்ல 'அசோகா' தொடர். அதுல த்ரான் நிஜ மனுஷனாவே வந்துட்டான். கார்ட்டூன்ல குரல் கொடுத்த லார்ஸ் மிக்கெல்சனே நீலச் சாயம் பூசிக்கிட்டு நடிச்சார். 1991-ல ஒருத்தர் பேப்பர்ல எழுதின ஆளு, 2014-ல 'நடக்கவே இல்லை'ன்னு சொல்லப்பட்ட ஆளு! அட, அந்தப் பச்சை முயலைக் கேட்டீங்களே... ஜாக்ஸனும் 2018-ல காமிக்ஸுக்குத் திரும்பி வந்துடுச்சு! மாரா ஜேட் மட்டும் இன்னும் வரலை. வராட்டியும் பரவாயில்லை. என் முப்பது ரூபாய்ப் புத்தகத்தைத் திறந்தா அவ அங்கேதான் இருக்கா. எந்த அறிவிப்பும் அந்தப் பக்கங்களைக் கிழிச்சுக்கிட்டுப் போகலை.

எது செல்லும், எது செல்லாதுன்னு கம்பெனி சொல்லட்டும், அது அவங்க பிசினஸ். உங்க ராத்திரியை எந்தக் கதை தூங்கவிடாமப் பண்ணுச்சோ, அது உங்களுக்கு நடந்ததுதான். அதே நியாயம் உங்க பக்கத்துல உக்காந்திருக்கிற ஜூனியருக்கும் உண்டு. அவன் நேத்துதான் பார்க்க ஆரம்பிச்சிருக்கலாம், உங்களுக்குப் பிடிக்காததே அவனுக்கு உயிரா இருக்கலாம். அவனுக்கு வைவா வைக்காதீங்க. 'எந்த சீன்டா உனக்குப் பிடிச்சுது?'ன்னு கேளுங்க. அவன் முகத்தை மட்டும் பாருங்க. நீங்க முதல் தடவை பார்த்தப்ப இருந்த உங்க முகம் அங்கே தெரியும்!

பி.கு: ஸானோட அந்த மூணு புத்தகமும் இன்னும் என்கிட்ட திரும்பி வரலை. போன வாரம் போன்ல கேட்டேன். "செல்லாத புக்குதானேணா, உனக்கு எதுக்கு?"ங்கறா!